ஆங்கிலத் தேர்ச்சியும் பட்டமும்: வன்னி மாணவர் சார்பில் ஒரு மறுப்பு

இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் கலைப்பீடங்களில் ஒரு விதி நடைமுறையில் உள்ளது. மாணவர் ஒருவர் தாம் பயின்ற வரலாற்றிலோ, புவியியலிலோ, தமிழிலோ எத்துணைச் சிறப்பாகச் சித்தியெய்தினும், ஆங்கிலப் பாடநெறியில் விதிக்கப்பட்ட தேர்ச்சியைக் காட்டும்வரை அவருக்குப் பட்டம் வழங்கப்படமாட்டாது. அவ்வாங்கிலப் பாடத்தின் புள்ளிகள் பல இடங்களில் இறுதிப் பெறுபேற்றின் சராசரியிற் சேர்க்கப்படுவதுமில்லை. கூட்டும்போது கணக்கிலில்லாத பாடம் தடுக்கும்போது மட்டும் தலையாய பாடமாகிவிடுகின்றது. இவ்விதியின் நியாயத்தை ஆராய்ந்து, வன்னிப் பெருநிலப்பரப்பின் மாணவர் சார்பில் அதனை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடல் வேண்டும். ஆங்கிலம் வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. தம் பிள்ளைகளைக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் ஆங்கிலத்திற் படிக்கவைத்துக்கொண்டு, ஊர் மேடைகளில் ஏறித் தமிழ் மாணவனுக்குத் தமிழே போதும் என முழங்குவோரை நாம் நன்கறிவோம். அம்முழக்கம் ஏழை மாணவனை அவன் நிற்கும் இடத்திலேயே நிறுத்திவைப்பதற்குரிய வழி. ஆங்கிலம் உலக அறிவுக்கு ஒரு வாயில். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் அதனை இந்நாட்டின் இணைப்பு மொழியாகவும் ஏற்றுள்ளது. ஆகவே ஆங்கிலம் கற்கவேண்டுமா என்பது இங்கு வினாவாகாது. செவ்வனே கற்பிக்கப்படாத ஒன்றைக் காரணங்காட்டி, கற்றுத் தேறிய ஒன்றுக்குரிய சான்றை மறுக்கலாமா என்பதே வினா.

இவ்விதியின் வேரை அறிய வரலாற்றைச் சற்றுப் பின்னோக்குதல் தகும். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் போதனாமொழி ஆங்கிலமே. அன்று அங்கு நுழைந்தோர் பெரும்பாலும் கட்டணஞ் செலுத்தி ஆங்கிலப் பாடசாலைகளிற் கற்ற சிறு தொகையினர். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. அம்மாற்றம் படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு ஏறி, 1960ஆம் ஆண்டளவிற் பல்கலைக்கழகத்தின் கலைத்துறையை எட்டியது. கமக்காரனின் பிள்ளையும் கடற்றொழிலாளியின் பிள்ளையும் பல்கலைக்கழக வாயிலை மிதிக்க முடிந்தது இதனாலன்றோ?

ஆனால் போதனாமொழியை மாற்றிய அரசு, அம்மொழியில் நூலகத்தை நிரப்பும் பொறுப்பை இடைவழியிற் கைவிட்டது. அரசகரும மொழித் திணைக்களமும் பின்னர் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் கலைச்சொற்றொகுதிகளையும் தமிழ் நூல்களையும் வெளியிட்ட காலம் ஒன்றிருந்தது. அப்பணி பல்கலைக்கழகத் தேவைக்கேற்ப வளரவில்லை. தமிழில் உயர்கல்வி நூல் ஆக்க இயலாதென்பார்க்கு மானிப்பாயே மறுமொழி கூறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் வெளியிட்டார். ஒரு மிஷனறி மருத்துவர் தம் மாணவர் துணையோடு செய்ததை ஓர் அரசு செய்ய இயலாதென்பது ஏற்கத்தக்கதன்று. நூலில்லாக் குறையை உண்டாக்கியவர்கள் வேறு. அதற்கான தண்டனையைப் பட்டமிழந்து அனுபவிப்பவர்கள் வேறு.

இனி வன்னியை நோக்குவோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை அரசே கல்வியிற் பின்தங்கியவையெனக் கொண்டு, பல்கலைக்கழக அனுமதியில் அத்தகைய மாவட்டங்களுக்குரிய 5 சதவீத ஒதுக்கீட்டிற் சேர்த்தது. இன்று இறுதி வருடங்களிற் பயிலும் மாணவர் 2002, 2003ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பிறந்தவர்கள். 2009இல் அவர்கள் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள். கிளிநொச்சி, முல்லைத்தீவைச் சேர்ந்த பலர் அவ்வாண்டின் முற்பகுதியைப் பதுங்குகுழிகளிலும், பிற்பகுதியைச் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம்களிலும் கழித்தனர். மற்றைய மாவட்டங்களின் பிள்ளைகள் ஆங்கில அரிச்சுவடியை விரித்திருந்த வேளையில் இவர்கள் தண்ணீருக்கு வரிசையில் நின்றனர்.

குறை அவ்வோராண்டோடு முடிந்ததுமன்று. 1990களின் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் விளக்கடியிற் கற்று, 1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து, மரநிழல்களில் வகுப்பு நடத்திய தலைமுறையிலிருந்தே இன்றைய வன்னியின் ஆசிரியர்கள் தோன்றியிருக்க வேண்டும். அத்தலைமுறைக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போதிய ஆளிருக்கவில்லை. ஆகவே அதிலிருந்து ஆங்கில ஆசிரியர் போதியளவில் தோன்றவுமில்லை. துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பகுதிகளின் உட்கிராமப் பாடசாலைகளுக்கு வெளியிலிருந்து நியமனம் பெற்று வருவோர், குறித்த சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுச் செல்வதைக் குற்றமெனக் கூறுவதற்கில்லை. ஆயினும் இழப்பு மாணவருக்கே. நகரத்து மாணவருக்குப் பாடசாலையின் குறையை நிரப்ப ரியூசன் உண்டு. பொழுதுசாய்ந்த பின் பஸ் வராத ஊரிலுள்ள மாணவிக்கு எது உண்டு?

இத்தகைய மாணவரைப் பல்கலைக்கழகம் எவ்வாறு உள்வாங்குகின்றது என்பதையும் நோக்குக. க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் பொது ஆங்கில வினாத்தாள் ஒன்றுண்டு. எனினும் அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மூன்று பிரதான பாடங்களிலிருந்தே கணிக்கப்படுகின்றது. நுழையும்போது ஆங்கிலம் பொருட்டன்று என்றவர்கள், வெளியேறும்போது அதுவே யாவுமென்கின்றனர். இடைப்பட்ட மூன்று நான்கு ஆண்டுகளில், ஆரம்ப வகுப்பிலிருந்து விடுபட்டுப்போன அத்திவாரத்தைச் சில மணிநேர வாராந்த வகுப்புகள் நிரப்பிவிடுமென நம்புகின்றனர். நீர்வரத்தில்லாக் குளத்துக்கு வான்கதவு கட்டிவிட்டு, வயலுக்குத் தண்ணீர் பாயவில்லையென்று கமக்காரனைக் கடிவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

விளைவு யாது? ஏனைய பாடங்கள் யாவற்றிலும் சித்தியடைந்தவர் வீடு திரும்பி, ஆங்கில மீள்பரீட்சைக்காகக் காத்திருக்கின்றார். அரச பட்டதாரி நியமனங்களில் பட்டம் வலுவுக்கு வந்த திகதி கணக்கிலெடுக்கப்படுவது யாவரும் அறிந்தது. ஒரு பரீட்சை பிந்தினால் ஒரு நியமனமே தவறிப்போகலாம். முல்லைத்தீவுக் குடும்பம் ஒன்றின் முதற் பட்டதாரிக்கு இஃது ஓராண்டுத் தாமதமன்று. வீட்டின் கடனும் தங்கையின் படிப்பும் அதிற் தங்கியுள்ளன.

இவ்விதியை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் இரண்டு. ஆங்கிலமறியாக் கலைப்பட்டதாரிக்கு வேலை கிடைப்பதில்லை என்பது ஒன்று. உலக வங்கியின் உதவியோடு 2010களில் நடைபெற்ற உயர்கல்வித் திட்டங்களும் இந்நோக்கிலேயே ஆங்கிலத்தை வலியுறுத்தின. 2009இன் பின் வன்னிக்கு வந்த சர்வதேச நிறுவனங்களில் ஆங்கிலமறிந்தோர் தொழில் பெற்றதை நாமும் கண்டோம். ஆயின் அந்நிறுவனங்களிற் பல சென்றுவிட்டன. எஞ்சியிருப்பவை கச்சேரியும், பிரதேச செயலகமும், பாடசாலையும், கூட்டுறவுச் சங்கமும், வங்கியுமே. அங்கு மக்களோடு பேசத் தமிழும், கொழும்போடு கருமமாற்றச் சிங்களமும் தேவை. அன்றியும், ஆங்கிலமின்மையால் வேலை கிடைக்காதெனின், பட்டத்தையும் பறித்துவிட்டால் வேலை கிடைத்துவிடுமா?

பட்டத்தின் தரம் தாழ்ந்துவிடும் என்பது மற்றையது. வரலாற்றுப் பட்டம் வரலாற்றறிவுக்குச் சான்று. அதன் தரம் தாழ்ந்திருப்பின் வரலாற்றுப் பாடத்தின் போதனையையும் பரீட்சையையும் திருத்துக. ஆங்கிலம் இந்நாட்டில் வெறும் மொழியாக மட்டும் இருந்ததில்லை. சிங்கள மாணவர் அதனைக் 'கடுவ', அதாவது வாள், என்றழைத்ததையும், பேராதனைப் பேராசிரியர் திரு கந்தையா 1984இல் அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு ஆராய்ந்ததையும் இங்கு நினைவுகூரலாம். தெற்கின் கிராமத்து மாணவரை வெட்டிய அதே வாள் வன்னியின் மாணவரையும் வெட்டுகின்றது. இது தமிழருக்கு மட்டுமுரிய குறையன்று. இருமொழி பேசும் ஏழைகளின் பொதுக்குறை.

அரசு தன் ஊழியரிடம் வேறு நீதி காட்டுகின்றது. 2007இன் 7ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் உத்தியோகத்தர் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெற ஐந்தாண்டு அவகாசம் அளித்தது. முதலில் நியமனம், பின்னர் மொழி. சம்பளம் பெறும் உத்தியோகத்தருக்கு அளிக்கப்பட்ட இவ்வவகாசம், சம்பளமற்ற மாணவருக்கு ஏன் மறுக்கப்படல் வேண்டும்?

எனவே நாம் வேண்டுவன இவை. பட்டம் பாடத்துறையின் தேர்ச்சிக்கே வழங்கப்படுக. ஆங்கிலத் தேர்ச்சி எந்நிலையில் உள்ளதோ அந்நிலை பெறுபேற்று அறிக்கையிற் தனியே குறிக்கப்படுக. நுழையும் நாளிலேயே மாணவரின் ஆங்கில நிலை அளவிடப்பட்டு, அடியிலிருந்து தொடங்கவேண்டியோருக்கு அடியிலிருந்து, வேண்டிய மணிநேரம், கட்டணமின்றிக் கற்பிக்கப்படுக. ஒவ்வொரு துறையும் தன் அடிப்படை நூல்களைத் தமிழில் ஆக்கும் பணியை மீண்டும் மேற்கொள்க. 2021இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியா கலைப்பீடமின்றியே தொடங்கிற்று. அக்குறையும், வன்னிப் பாடசாலைகளின் ஆங்கில ஆசிரியர் வெற்றிடங்களும் நிரப்பப்படுக.

விரிவுரையாளர்களே, பீடச்சபையில் வாக்களிப்போர் நீங்கள். மாணவ நண்பர்களே, ஆங்கில வகுப்பைத் தவிர்ப்பதற்கு இக்கட்டுரையைத் துணைக்கழைக்க வேண்டாம்; வகுப்புக்குச் செல்லுங்கள், கூடுதலான வகுப்புகளைக் கேளுங்கள். கற்பிக்க வேண்டிய கடமை முதலில் நிறைவேறட்டும். அதுவரை பட்டத்தைப் பணயம் வைக்கும் உரிமை எவருக்குமில்லை.