கடைமடை கம்ப்யூட்டர்

நம்ம லினக்ஸ் லேப்ல கடைசி வரிசை, ஜன்னலோரம் இருக்குற சிஸ்டத்துல நீங்க என்னைக்காவது உட்கார்ந்திருக்கீங்களா? லேட்டா வந்தவங்களுக்குத்தான் அது கிடைக்கும். அதனால எனக்கு அது ரொம்பப் பழக்கம். பிராக்ஸி அட்ரஸ் போன வருஷத்தோடது. பிரவுசரைத் திறந்தா எந்த சீனியரோ வச்ச ஹோம் பேஜ் வரும். தமிழ் கீபோர்டு கிடையாது. முதல் ரெண்டு வரிசையில இதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. ஒரு செட்டிங் மாத்தணும்னா லேப் அண்ணா பென் டிரைவோட முதல் சிஸ்டத்துல ஆரம்பிப்பார். நாப்பதாவது சிஸ்டத்துக்கு வர்றதுக்குள்ள அடுத்த பேட்ச் உள்ளே வந்துடும். மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடுவார். அந்த 'நாளைக்கு' இதுவரை வரலை. அவர் மேல எனக்குக் கோபம் இல்லை. ஒரு மனுஷன், அறுபது சிஸ்டம்.

என் தாத்தா ஊர் பேராவூரணி பக்கம், கல்லணைக் கால்வாயோட கடைமடை. மேட்டூர் திறந்தாச்சுன்னு டிவியில பூ தூவுற காட்சி ஓடும். அப்புறம் கல்லணையில ஷட்டரைத் தூக்குற காட்சி. தாத்தா அதைப் பார்த்து சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "நம்ம மடைக்கு வந்தா சொல்லு" என்பார். மேல திறந்தது வேற, கீழ வந்து சேர்ந்தது வேற. லேப் செட்டிங்கும் இதே கதைதான்.

விண்டோஸ்ல இதுக்கு ரொம்ப நாளா ஒரு வழி இருக்கு, குரூப் பாலிசி. விண்டோஸ் 2000ல ஆக்டிவ் டைரக்டரியோட சேர்ந்து வந்தது. சர்வர்ல ஒரு தடவை விதியை எழுதி வச்சா போதும். ஒவ்வொரு சிஸ்டமும் ஆன் ஆகும்போதும், நீங்க லாகின் பண்ணும்போதும், தானே போய்க் கேட்டு வாங்கிக்கும். அப்புறம் 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பக் கேட்கும். அதோட 0 முதல் 30 நிமிஷம் வரை ஏதோ ஒரு அளவைக் கூட்டிக்கும், எல்லா சிஸ்டமும் ஒரே நேரத்துல சர்வரை மொய்க்கக் கூடாதுன்னு. நம்ம ஊர்ல முறை வச்சுத் தண்ணி விடுற மாதிரி. எனக்கு இதுல பிடிச்சது, யாரும் தேடிப் போய்க் கொடுக்க வேண்டியதில்லை. கடைசி சிஸ்டமே போய்க் கேட்குது.

"லினக்ஸ்ல அதெல்லாம் கிடையாது ப்ரோ, அதான் கம்பெனியெல்லாம் விண்டோஸ் வச்சிருக்கான்" என்று நம்ம கிளாஸ்லயே நாலு பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். தப்பு. க்னோம் டெஸ்க்டாப்போட செட்டிங் எல்லாம் டிகான்ஃப் என்கிற ஒரே இடத்துல இருக்கு. அட்மின் அங்கே மொத்த சிஸ்டத்துக்கும் பொதுவா ஒரு ஃபைல் எழுதி வைக்கலாம். கேடிஇ-ல கியாஸ்க்னு இதே மாதிரி ஒண்ணு ரொம்ப வருஷமா இருக்கு. 2012 டிசம்பர்ல வந்த சம்பா 4 (நம்ம சம்பா இல்லை, இது சாஃப்ட்வேர்) லினக்ஸ் சர்வரையே ஆக்டிவ் டைரக்டரி மாதிரி வேலை செய்ய வச்சது. உபுண்டு 22.04-ல ஏடிசிஸ்னு ஒரு கருவி வந்திருக்கு, விண்டோஸ் சர்வர்ல எழுதின பாலிசியை லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கே கொண்டு வரும். இது எதுவுமே வேண்டாம்னா ஆன்சிபிள் இருக்கு. ஒவ்வொரு சிஸ்டமும் ராத்திரியோ, ஆன் ஆகும்போதோ ஒரு ஜிட் ரெப்போவுக்குப் போய்ப் புது விதியை இழுத்துக்குற மாதிரி வைக்கலாம். காசு செலவு கிடையாது.

ஆனா கருவி இருக்குன்னு சொல்றதுக்காக நான் இதை எழுதலை. டிகான்ஃப்ல ரெண்டு விஷயம் தனித்தனியா இருக்கு. ஒண்ணு டிஃபால்ட்: ஆரம்பத்துல இந்த மதிப்பு இருக்கும், வேணும்னா நீங்க மாத்திக்கலாம், மாத்தினா உங்களோடது நிற்கும். இன்னொண்ணு லாக்: யாராலும் மாத்த முடியாது. பாலிசின்னு சொன்னதுமே நம்ம மக்களுக்கு லாக் மட்டும்தான் ஞாபகம் வருது. வால்பேப்பரைப் பூட்டு, ஃபான்ட்டைப் பூட்டு, செட்டிங்ஸ் ஆப்பையே தூக்கு.

என் ஃப்ரெண்டு ஒருத்திக்குக் கண் பவர் ரொம்ப அதிகம். எழுத்தைப் பெருசு பண்ணாம அவளால கோடு படிக்க முடியாது. மூணாவது செமஸ்டர் பிராக்டிகல்ல அவளுக்கு வந்த சிஸ்டத்துல டிஸ்பிளே செட்டிங் பூட்டியிருந்தது. யார் பூட்டினாங்க, எப்போ, எதுக்குன்னு அங்கே இருந்த யாருக்குமே தெரியலை. வேற சிஸ்டம் மாத்திக் கொடுக்குறதுக்குள்ள பதினஞ்சு நிமிஷம் போச்சு. புரோகிராம் பாதியில நின்னது. யாரும் வேணும்னு பண்ணலை. ஆனா எழுத்தோட அளவைப் பூட்டி யாருக்கு என்ன லாபம்?

என்னைக் கேட்டா பூட்டவேண்டியது நாலைஞ்சுதான்: பிராக்ஸி, அப்டேட், ஸ்கிரீன் லாக், அந்த மாதிரி. மத்ததெல்லாம் நல்ல டிஃபால்ட்டா இருந்தா போதும். தமிழ்99 கீபோர்டு எல்லா சிஸ்டத்துலயும் தயாரா இருக்கட்டும், வேண்டாதவங்க எடுத்துடட்டும். "அப்போ எக்ஸாம்ல காப்பி அடிப்பானே?" டிகான்ஃப் லாக் அதைத் தடுக்காது சார். டெர்மினல் தெரிஞ்சவன் அதைச் சுத்திப் போயிடுவான். அது நெட்வொர்க்ல, ஃபயர்வால்ல தடுக்கவேண்டிய விஷயம்.

டிஃபால்ட்டுக்கு எவ்வளவு வலு இருக்குன்னு பார்க்க தூரமா போக வேண்டாம். கேரளாவுல 2001ல ஐடி அட் ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, இப்போ அது கைட். பள்ளிக்கூட லேப்புக்குன்னே உபுண்டுவை மாத்தியமைச்சு, பாடப்புத்தகத்தையும் அதை வச்சே எழுதினாங்க. டீச்சர்களுக்கும் அதுலதான் பயிற்சி. நம்ம பக்கம் 2011 செப்டம்பர் 15 அன்னைக்கு இலவச லேப்டாப் திட்டம் தொடங்குச்சு. என் பெரியப்பா பொண்ணுக்கு அரசுப் பள்ளியில வந்த லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கினது, தமிழோட வந்தது. அவ அதை ஒரு தடவை திறந்து பார்த்தா. அப்புறம் படம் வைக்க இடம் பத்தலைன்னு அந்தப் பார்ட்டிஷனையே அழிச்சுட்டா. லேப்டாப் அவளோடது, அவ இஷ்டம். அதுல போய் அரசாங்கம் பாலிசி போடணும்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா ஸ்கூல் லேப்ல தினமும் பாஸ் லினக்ஸ் திறந்திருந்தா, அவ அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிச்சிருப்பா.

லேப் சிஸ்டம் அப்படி இல்லை, அது பொது. அதனாலதான் அந்த விதி எல்லாருக்கும் தெரியுற இடத்துல இருக்கணும்னு கேட்கிறேன். நம்ம டிபார்ட்மென்ட் ஜிட் சர்வர்ல ஒரு ரெப்போ போதும். எழுதுற உரிமை லேப் அண்ணாவுக்கும் ஸ்டாஃபுக்கும், படிக்கிற உரிமை நம்ம எல்லாருக்கும். ஒரு செட்டிங்கைப் பூட்டினா, ஏன் பூட்டினோம்னு கமிட் மெசேஜ்ல ஒரு வரி. நமக்கு வேற மாதிரி வேணும்னா மெர்ஜ் ரிக்வெஸ்ட் போடலாம், அவங்க வேண்டாம்னு சொல்லலாம். மூணாவது செமஸ்டர்ல இது இருந்திருந்தா, அந்தப் பூட்டு எங்கே இருந்து வந்ததுன்னு ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருக்கலாம்.

நான் ஒரு டிகான்ஃப் ஃபைலும் சின்னதா ஒரு ஆன்சிபிள் பிளேபுக்கும் எழுதி லேப் அண்ணாகிட்ட கொடுத்திருக்கேன். செமஸ்டர் லீவுல ரெண்டு சிஸ்டத்துல போட்டுப் பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். அதுல ஒண்ணு ஜன்னலோர சிஸ்டமா இருக்கணும்னு கேட்டிருக்கேன். லீவு முடிஞ்சு வந்ததும் அதுல உட்கார்ந்து பாருங்க. தமிழ் கீபோர்டு வரலைன்னா எனக்குச் சொல்லுங்க.