மும்பைக்கு முதன்முறை: எந்தப் பகுதியில் தங்குவது?

புதிய நகரம் ஒன்றுக்குப் புறப்படுவோர் பயணச்சீட்டைப் பற்றிப் பல நாள் யோசிக்கின்றனர். தங்குமிடத்தைப் பற்றி அரை மணி நேரம்கூட யோசிப்பதில்லை. வாடகை குறைந்த அறைகளைக் கைப்பேசியில் வரிசைப்படுத்தி, படங்களைப் பார்த்து, முன்பணத்தைச் செலுத்திவிடுகின்றனர். அந்த அறை நகரத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது போய்ச் சேர்ந்த பிறகே தெரியவருகிறது. சிறிய ஊர்களில் இந்தக் கவனக்குறைவு சற்று அலைச்சலோடு முடிந்துவிடும். மும்பையில் அது பயணத்தின் நோக்கத்தையே கெடுத்துவிடக்கூடும்.

அதை நான் என் பெரியப்பாவின் உடல்நிலையைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்டேன். பரேல் பகுதியில் உள்ள ஒரு மருத்துவமனையில் அவரைக் காட்டுவதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் அழைத்துச் சென்றேன். வாடகை நாளொன்றுக்கு எழுநூறு ரூபாய் குறைவு என்பதற்காக, வடக்கே வெகு தொலைவில் ஒரு புறநகரில் அறை எடுத்திருந்தேன். காலை எட்டு மணிக்கு நிலையத்திற்குப் போனோம். தெற்கு நோக்கிச் செல்லும் மின்ரயில்கள் மூன்று எங்கள் கண்ணெதிரே வந்து போயின. மூன்றிலும் அவரை ஏற்ற முடியவில்லை. பிறகு வாடகைக் காரில் ஏறி, நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மருத்துவரைச் சந்திக்கும் நேரம் கடந்திருந்தது. பெரியப்பா ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அறை வசதியாகத்தான் இருக்கிறது என்று எனக்கு ஆறுதல் கூறினார்.

மும்பையின் அமைப்பை அறிந்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திராது. ஏழு தீவுகளை இணைத்து உருவான பழைய நகரம் தெற்கு வடக்காக நீண்டு, ஒடுங்கிக் கிடக்கிறது. அகலத்தில் வளர இடமில்லாததால் நகரம் ரயில் பாதைகளைப் பின்பற்றி வடக்கு நோக்கி வளர்ந்தது. சர்ச்கேட்டிலிருந்து விரார் வரை மேற்குப் பாதை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து கல்யாண் வரை மத்தியப் பாதை ஏறத்தாழ 54 கிலோமீட்டர். காலையில் மக்கள் வெள்ளம் தெற்கே பாய்கிறது; மாலையில் வடக்கே திரும்புகிறது. புதிதாக வருபவர் அந்த வெள்ளத்தோடு போக வேண்டியிருக்குமா, அதற்கு எதிர்த்திசையில் போகலாமா, அதில் இறங்காமலே இருக்கலாமா என்பதை அவர் தங்கும் இடமே தீர்மானிக்கிறது.

ஆகவே, அறையின் வாடகையைப் பாதி விலையாகவே கருத வேண்டும் என்பது என் கருத்து. மீதிப் பாதியை நாம் வாடகைக் காருக்கும், இழக்கும் நேரத்திற்கும், உடல் தளர்ச்சிக்கும் செலுத்துகிறோம். மூவர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு எண்ணூறு ரூபாய் மிச்சப்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். போக வர இருமுறை நீண்ட தூரம் வாடகைக் காரில் சென்றாலே அந்த மிச்சம் கரைந்துவிடும். அன்றாடம் மூன்று மணி நேரம் சாலையில் கழிந்தால், நான்கு நாள் பயணத்தில் பன்னிரண்டு மணி நேரம் போய்விடுகிறது. அது முழுதாக ஒரு பகல். வீட்டுக் கணக்கில் ஒரு ரூபாயையும் விடாமல் எழுதும் நாம், இந்தக் கணக்கை மட்டும் எழுதுவதில்லை.

முதன்முறை வருவோர் பலர் கொலாபாவை விரும்புகின்றனர். இந்தியாவின் நுழைவாயில், எலிபெண்டாவுக்குச் செல்லும் படகுத்துறை, கடற்கரை, பழைய கட்டடங்கள் எல்லாம் அங்கே அருகருகே உள்ளன. நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது மட்டுமே நோக்கமாக இருந்து, கையில் பணமும் இருந்தால் அது நல்ல தேர்வுதான். ஆனால் அது நகரத்தின் தென்கோடி. அங்கே மின்ரயில் நிலையம் இல்லை. ரயிலுக்குச் சர்ச்கேட்டுக்கோ சிவாஜி முனையத்திற்கோ வர வேண்டும். உறவினர் வீடு தாணேயிலும், நேர்முகத் தேர்வு பாந்த்ரா குர்லா வளாகத்திலும் இருப்பவருக்குக் கொலாபாவின் கடற்காற்று உதவாது.

வேறு சிலர் விமான நிலையத்தை ஒட்டிய அந்தேரியில் அறை எடுக்கின்றனர். நள்ளிரவில் இறங்குவோருக்கும் விடியற்காலையில் புறப்படுவோருக்கும் ஓரிரவு தங்க அது ஏற்றது. அப்பகுதியில் அலுவல் உள்ளவர்களுக்கும் பொருந்தும். மற்றவர்கள் அங்கேயே நான்கு நாள் தங்குவதற்குக் காரணம் வேண்டும்.

அலுவல் பல இடங்களில் சிதறியிருக்கும் முதற்பயணிக்கு நான் பரிந்துரைப்பது நகரின் நடுப்பகுதியான தாதரை. மேற்குப் பாதையும் மத்தியப் பாதையும் அங்கே சந்திக்கின்றன. இரு பாதைகளின் விரைவு மின்ரயில்களும் அங்கே நிற்கின்றன. தெற்கே சிவாஜி முனையம் சுமார் 9 கிலோமீட்டர். பரேல் மருத்துவமனைகள் அருகிலேயே உள்ளன. 2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்ட மூன்றாம் மெட்ரோ வழித்தடம் விமான நிலையத்தின் இரு முனையங்களையும், பாந்த்ரா குர்லா வளாகத்தையும், தாதரையும், சித்திவிநாயகர் கோயிலையும், சிவாஜி முனையத்தையும் ஒரே கோட்டில் இணைக்கிறது. முதியோருடன் வருபவர்கள் மின்ரயில் நெரிசலுக்கு அஞ்ச வேண்டிய நிலை இதனால் ஓரளவு குறைந்திருக்கிறது.

தாதருக்கு வடக்கே அடுத்தது மாட்டுங்கா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட இப்பகுதியில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். வாழை இலையும் மல்லிகைச் சரமும் வறுத்தரைத்த காப்பித்தூளும் அங்கே கடைவீதியில் கிடைக்கும். ஆனால் அது குடியிருப்புப் பகுதி, விடுதிகள் குறைவு. தாதரில் தங்கி மாட்டுங்காவில் உண்பது பழக்கமான உணவை விட முடியாத பெரியவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

தாதரிடம் குறைகளும் உண்டு. அழகான பகுதி என்று அதைச் சொல்ல முடியாது. இரைச்சல் அதிகம், அறைகள் சிறியவை, அதே வாடகைக்குப் புறநகரில் இருமடங்கு இடம் கிடைக்கும். மழைக்காலத்தில் அருகிலுள்ள ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் போன்ற தாழ்வான இடங்களில் நீர் தேங்குவது வழக்கம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வருபவர்கள் விடுதி எந்தத் தெருவில் உள்ளது என்பதையும் விசாரிப்பது நல்லது. நோக்கம் ஒரே இடத்தில் முடிவதாக இருந்தால், தாதரையும் விட்டுவிட்டு அந்த இடத்திற்கு அருகிலேயே தங்க வேண்டும். சிகிச்சைக்கு வருவோருக்கு இது மிகவும் பொருந்தும்.

எந்தப் பகுதியானாலும் முன்பணம் செலுத்துமுன் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, நிலையத்தின் எந்தப் பக்கம் என்பது. மும்பைப் புறநகர்களில் ஒவ்வோர் ஊரும் தண்டவாளத்தால் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நடந்து போனால் மேம்பாலப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். காரில் போனால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இரண்டாவது, ‘மும்பை’ என்று விளம்பரத்தில் இருந்தாலும் முகவரி வசாயிலோ நவி மும்பையிலோ இருக்கக்கூடும். மூன்றாவது, பாந்த்ராவுக்கும் சயானுக்கும் தெற்கே ஆட்டோக்களுக்கு அனுமதி இல்லை. டாக்சியைத்தான் நம்ப வேண்டும். நான்காவது, நாம் வந்து இறங்கும் நிலையம். தமிழ்நாட்டு ரயில்கள் எல்லாம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சில சிவாஜி முனையத்திற்கும், சில தாதருக்கும், சில குர்லா பகுதியிலுள்ள லோக்மான்ய திலக் முனையத்திற்கும் வருகின்றன.

பழகிய பிறகு எந்தப் புறநகரிலிருந்தும் இந்நகரில் உலவலாம் என்று மும்பைவாசிகள் சொல்வார்கள். அது உண்மையே. இலட்சக்கணக்கானோர் அன்றாடம் அப்படித்தான் வாழ்கின்றனர். ஆனால் எந்த ரயில் எங்கே நிற்கும், எந்த நேரத்தில் ஏறலாம், எந்தப் பெட்டி நின்றால் படிக்கட்டு அருகில் இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பல ஆண்டுகளில் வந்த அறிவு. முதன்முறை வருபவரிடம் அது இல்லை. இல்லாத அறிவுக்கு ஈடாக அவர் சற்றுக் கூடுதல் வாடகை கொடுக்கிறார். அதை வீண்செலவென்று நான் கருதவில்லை.

பெரியப்பாவைப் பொறுத்தவரை, மறுநாளே தாதரில் ஒரு சிறிய அறைக்கு மாறினோம். சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. வாடகையும் அதிகம். ஆயினும் காலையில் ஒரு பரிசோதனை முடிந்ததும் அவர் அறைக்குத் திரும்பி, உண்டு, இரண்டு மணி நேரம் படுத்துறங்கி, மாலையில் அடுத்த பரிசோதனைக்கு எழுந்து வர முடிந்தது. எழுநூறு ரூபாய்க்கு எதை விற்க இருந்தேன் என்பது அந்தப் பிற்பகலில் அவர் உறங்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.