குடியேறப் புள்ளி தரும் பட்டம், வேலைக்கு ஏன் செல்லாது?

கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும் திறன்மிகு தொழிலாளர்களை அந்நாடு 100 புள்ளிகளுக்கு மதிப்பிடுகிறது. 67 எடுத்தால்தான் தகுதி. கல்விக்கு மட்டும் 25 புள்ளிகள் வரை உண்டு. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் போன்ற தொழில்முறைப் பட்டங்களை முதுநிலைப் பட்டத்துக்குச் சமமாக வைத்து 23 புள்ளிகள் தருகிறார்கள். விண்ணப்பிப்பவர் மருத்துவர் என்றால், அவருடைய பட்டத்தைச் சரிபார்த்துச் சான்று தருவது கனடா மருத்துவக் கவுன்சில். அதாவது, இவர் முறையாகப் படித்த மருத்துவர்தான் என்பதை அந்த நாட்டின் உயர்ந்த அமைப்பே உறுதிசெய்த பிறகுதான் அவருக்கு விசா கிடைக்கிறது. அவர் டொரன்டோவில் வந்து இறங்கிய மறுநாள், காய்ச்சலோடு வரும் ஒரு குழந்தைக்கு மருந்துச்சீட்டு எழுத அந்தச் சான்றுக்கு அதிகாரம் கிடையாது.

இதை ஏமாற்று என்று சொல்வோர் உண்டு. எந்தத் தனி அதிகாரியும் இங்கே ஏமாற்றவில்லை. பொறுப்பு பல கைகளில் பிரிந்து கிடப்பதுதான் சிக்கல். யாரைக் குடியேற்றுவது என்பதில் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசின் சொல்லே பெரும்பாலும் செல்லும். யார் மருத்துவராக, பொறியாளராக, செவிலியராகத் தொழில் செய்யலாம் என்பது 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டப்படி மாகாணங்களின் உரிமை. மாகாணங்கள் அந்த உரிமையை அந்தந்தத் தொழிலின் ஒழுங்குமுறை மன்றங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. புள்ளி கொடுத்து அழைப்பவர் ஒருவர், உரிமம் தருபவர் இன்னொருவர். நடுவே அகப்பட்டுக்கொள்பவர், வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஏதோ ஒரு வேலையில் சேர்கிறார். புலம்பெயர்ந்தோர் அதற்குச் சூட்டியிருக்கும் பெயர் ‘சர்வைவல் ஜாப்’. ஆறு மாதத்துக்கு என்று சேர்ந்த வேலை பலருக்கு ஆயுள்வேலையாகிவிடுகிறது.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதைக் கணக்காகவே காட்டிவிட்டது. வெளிநாட்டில் பட்டம் பெற்று கனடாவில் வேலை செய்வோரில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர், பள்ளிப்படிப்பே போதுமான வேலைகளில் இருக்கிறார்கள். கனடாவில் பிறந்த அல்லது அங்கே படித்த பட்டதாரிகளிடையே இந்த விகிதம் பாதிதான். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களில் சுமார் 41 சதவீதத்தினரே மருத்துவத்திலோ அதை ஒட்டிய பணியிலோ இருக்கிறார்கள். கனடாவில் படித்தவர்களில் அப்படி இருப்பவர்கள் சுமார் 90 சதவீதம். செவிலியர்களின் நிலை இதைவிட மோசம்.

டாக்சி ஓட்டும் டாக்டர் என்பது கனடாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வரும் சித்திரம். மத்திய குடிவரவுத் துறை 2012இல் வெளியிட்ட ஆய்வு, 2006 கணக்கெடுப்பை வைத்து இதை எண்ணிப் பார்த்தது. நாட்டில் இருந்த ஏறத்தாழ 50,000 டாக்சி ஓட்டுநர்களில் மருத்துவப் பட்டமோ முனைவர் பட்டமோ பெற்றவர்கள் 255 பேர். அவர்களில் 200 பேர் குடியேறியவர்கள். பரவலாக நம்பப்படுவதைவிட இது சிறிய எண். உண்மையான இழப்பு வேறிடத்தில், கண்ணில் படாமல் நடக்கிறது. முதியோர் இல்லத்தில் உடம்பு துடைத்துவிடும் பராமரிப்புப் பணியாளர், அங்கே பிஎஸ்டபிள்யூ என்பார்கள், சொந்த ஊரில் செவிலியராக இருந்தவராக இருக்கலாம். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணித் தருபவர் மருந்தியல் பட்டதாரியாக இருக்கலாம். பயணி கேட்டால் டாக்சிக்காரராவது தன் கதையைச் சொல்வார். இவர்களைக் கேட்பவர் இல்லை.

மருத்துவர்களின் பாதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். சிக்கலின் வேர் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. பட்டத்தின் மூலச் சரிபார்ப்பு முடிந்ததும் மருத்துவக் கவுன்சிலின் எழுத்துத் தேர்வு. அதன்பின் நோயாளியை எப்படிப் பரிசோதிக்கிறார், எப்படிப் பேசுகிறார் என்று பார்க்கும் செய்முறைத் தேர்வு. இந்த இரண்டும் நியாயமானவை. முயன்று படித்துப் பலர் தேறிவிடுகிறார்கள். தடை அதற்குப் பிறகு வருகிறது. உரிமம் பெற வேண்டுமானால் பெரும்பாலோர் ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சியை முடிக்க வேண்டும். குடும்ப மருத்துவத்துக்கே 2 ஆண்டுகள், சிறப்புத் துறைகளுக்கு இன்னும் அதிகம். அந்த இடங்களுக்குப் பணம் தருவது மாகாண அரசு. வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று ஒதுக்கப்படும் இடங்கள் மிகக் குறைவு. எனவே, தேர்வில் தேறினாலும் இடமில்லாதவர் மருத்துவராக முடியாது.

இந்தக் குறைவு தற்செயலாக வந்ததன்று. கனடாவில் மருத்துவர்கள் அளவுக்கு மீறிப் பெருகுகிறார்கள், அதனால் அரசின் மருத்துவச் செலவும் பெருகுகிறது என்று 1991இல் பேரர், ஸ்டோடார்ட் என்ற இரு வல்லுநர்கள் அரசுகளுக்கு அறிக்கை தந்தார்கள். மருத்துவக் கல்லூரி இடங்களைக் குறைப்பதோடு, வெளிநாட்டில் படித்த மருத்துவர்களைச் சார்ந்திருப்பதையும் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே மாகாணச் சுகாதார அமைச்சர்கள் கூடி, மாணவர் சேர்க்கையை 10 சதவீதம் குறைக்க முடிவெடுத்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் மருத்துவர் பற்றாக்குறை தலைதூக்கியது. கல்லூரி இடங்களை மீண்டும் கூட்டினார்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்கான வாசல் அதே வேகத்தில் அகலவில்லை. ஆக, திறமையில் ஐயம் என்று இன்று சொல்லப்படும் தடையில் ஒரு பெரும்பகுதி, செலவைக் கட்டுப்படுத்த எடுத்த முடிவின் மிச்சம். இதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் அரசியல்வாதிகள் அரிது.

காத்திருப்பு இன்னொரு கேட்டையும் செய்கிறது. மருத்துவம் கைப்பழக்கத்தில் நிற்கும் தொழில். விண்ணப்பதாரர் அண்மைக் காலத்தில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்று பல திட்டங்கள் கேட்கின்றன. கேட்பதில் தவறில்லை. ஆனால், கனடாவில் பார்க்க அனுமதியில்லை. காத்திருந்த ஆண்டுகளில் பழக்கம் விட்டுப்போகிறது. விட்டுப்போனதையே காரணம் காட்டி விண்ணப்பம் தள்ளுபடியாகிறது. ஒருவரைச் சும்மா உட்கார வைத்துவிட்டு, சும்மா இருந்ததற்காகத் தண்டிப்பதை எந்தப் பாதுகாப்பு வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

பாதுகாப்பு வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளிநாட்டில் படித்துத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு இந்தியாவும் 2002 முதல் தகுதித் தேர்வு நடத்துகிறது. தேறாதவர் இங்கே ஊசி போட முடியாது. இலங்கையிலும் இப்படியொரு தேர்வு உண்டு. நோயாளியின் உயிர் எந்தக் குடியேறியின் எதிர்காலத்தையும்விட முக்கியம். சோதித்துப் பார்க்காமல் யாருக்கும் உரிமம் தரச் சொல்லவில்லை. சோதிக்க ஒரு வாய்ப்பைக் கொடுங்கள், நியாயமான காலத்துக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை. இது முடியாத காரியமும் அன்று. ஏற்கெனவே தன் நாட்டில் பயிற்சி முடித்துத் தனித்துப் பணியாற்றிய மருத்துவரை, அனுபவமுள்ள ஒரு கனடிய மருத்துவரின் கண்காணிப்பில் 12 வாரம் வேலை செய்யவிட்டு மதிப்பிடும் முறை பல மாகாணங்களில் நடக்கிறது. அதிக மக்கள்தொகை கொண்ட ஒன்டாரியோ இதை 2023இல்தான் தொடங்கியது. கரோனா பரவிய 2020இல், வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கும் மேற்பார்வையோடு கூடிய 30 நாள் உரிமம் தரலாம் என்று அதே மாகாணம் அறிவித்தது. நெருக்கடியில் திறக்க முடிந்த கதவு சாதாரண நாளில் ஏன் திறக்காது? கனடாவில் 65 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்குக் குடும்ப மருத்துவர் இல்லை என்று 2022இல் நடந்த ‘அவர்கேர்’ (OurCare) ஆய்வு மதிப்பிட்டது. அவர்களைப் பொறுத்தவரை சாதாரண நாளும் நெருக்கடிதான்.

பொறியாளர்களை வேறொரு சொல் மறித்தது: கனடிய அனுபவம். வேலை கிடைக்க உள்நாட்டு அனுபவம் வேண்டும். அனுபவம் கிடைக்க வேலை வேண்டும். இந்த நிபந்தனை மேலோட்டப் பார்வையிலேயே பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013இல் சொன்னது. ஒன்டாரியோ பொறியாளர் மன்றம் தன் 12 மாத உள்நாட்டு அனுபவ விதியைக் கைவிட்டது 2023இல். ஒன்டாரியோவில் வேலை விளம்பரத்தில் அப்படிக் கேட்பதற்கான தடை 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. சட்டம் மாறினாலும் மனம் மாறுமா என்ற ஐயம் எனக்கு உண்டு. டொரன்டோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஃபிலிப் ஓரியோபூலஸ் ஆயிரக்கணக்கான மாதிரி விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பும் அனுபவமும் முழுக்கக் கனடாவிலேயே பெற்றவையாக இருந்தும், இந்திய, சீன, பாகிஸ்தானியப் பெயர்களைவிட ஆங்கிலப் பெயர்களுக்குச் சுமார் 40 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. அங்கே பட்டத்தை எடைபோடவே இல்லை, பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் பொறியாளர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் மதிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் கனடா 1989 முதல் இருக்கிறது. இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது. ஆனால், தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கில்தான் வருகின்றன. உங்கள் பட்டம் எதில் சேர்கிறது என்பதை முகவர் சொல்லமாட்டார். நீங்களே வாரியத்தின் பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டும்.

ஈழத்திலிருந்து போனவர்களுக்கு வந்த இடர் இன்னும் கொடியது. மதிப்பெண் பட்டியல் நேராகப் பல்கலைக்கழகத்திலிருந்து, முத்திரையிட்ட உறையில் வர வேண்டும் என்பது ஒழுங்குமுறை மன்றங்களின் வழக்கம். போரில் பலமுறை இடம்பெயர்ந்து, உடுத்த துணியோடு வெளியேறிய ஒருவர், தான் தப்பி வந்த நாட்டின் அலுவலகத்துக்கே கடிதம் எழுதிக் காகிதம் கேட்க வேண்டியிருந்தது. ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டு நியாய அணுகல் சட்டம், தம் கைமீறிய காரணத்தால் ஆவணம் பெற முடியாதவர்களிடம் மாற்றாக எதை ஏற்பீர்கள் என்பதை அறிவிக்க வேண்டும் என்று மன்றங்களைக் கட்டாயப்படுத்தியது. 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்களில் பலருக்கு அதற்குள் இருபதாண்டுகள் ஓடிவிட்டன. அவர்கள் தம் பிள்ளைகளை அங்கேயே மருத்துவராக்கிவிட்டார்கள். பெற்றோரின் இழப்பு அதனால் ஈடாகிவிட்டது என்று சொல்வது எனக்கு உவப்பாக இல்லை.

அந்தச் சட்டம் நல்ல சட்டம். நியாய அணுகல் ஆணையர் என்ற பதவியை உருவாக்கியதும் அதுவே. ஆயினும் ஆணையர் பார்ப்பது மன்றங்களின் பதிவு நடைமுறையைத்தான். ரெசிடென்சி இடங்களைக் கூட்ட அவரால் முடியாது. மத்திய அரசும் மாகாணங்களும் 2009இல் ஒப்புக்கொண்ட பொதுச் சட்டகம், முக்கியத் தொழில்களில் ஓராண்டுக்குள் பதில் என்ற இலக்கை வைத்தது. பதில் வந்துவிடுகிறது, அந்தப் பதில் பெரும்பாலும் இன்னும் செய்ய வேண்டியவற்றின் பட்டியலாக இருக்கிறது. செய்து முடிக்க இடம் எங்கே என்பதற்கு எந்தச் சட்டகத்திலும் விடை இல்லை. மருத்துவர்களுக்குப் புள்ளி கொடுத்து அழைக்கும் மத்திய அரசு, அவர்களை மதிப்பிடும் 12 வார இடங்களுக்கு மாகாணங்களோடு சேர்ந்து பணம் ஒதுக்க வேண்டும். அது முடியாதென்றால், இத்தனை பேருக்குத்தான் இடம் உண்டு என்பதை விசா விண்ணப்பத்திலேயே அச்சிட வேண்டும்.

டொரன்டோ வட்டாரத்தின் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் தமிழ் வாக்குகளுக்கு மதிப்பு உண்டு; வேட்பாளர்கள் பொங்கல் விழாவுக்குத் தவறாமல் வருகிறார்கள். உரிமமும் ரெசிடென்சி இடமும் மாகாண அரசின் கையில் இருப்பவை. அடுத்த மாகாணத் தேர்தலில் வீட்டு வாசலுக்கு வருபவரிடம், வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கு எத்தனை இடம் கூட்டுவீர்கள், எந்த ஆண்டுக்குள் என்று கேளுங்கள். எண்ணும் ஆண்டும் சொல்லாதவருக்கு வாக்களிக்காதீர்கள்.