எத்தனை மாதம் இருக்கப் போகிறீர்கள்?

ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் தன்னார்வப் பணிக்குப் போக விரும்பும் இளம் டாக்டர்களும் நர்ஸ்களும் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. மலேரியாவுக்கு என்ன மாத்திரை போட வேண்டும், இங்கிருந்து என்னென்ன எடுத்துப் போகலாம் என்று விசாரிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மாதம் இருக்கப் போகிறீர்கள்? இரண்டு வாரம் என்று பதில் வந்தால், போக வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அவர்கள் முகம் வாடுவது தெரியும். ஆனாலும் சொல்வேன்.

அரசு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதன் பிறகு மலாவி நாட்டின் தென்பகுதியில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் அதே வேலையைப் பார்த்தேன். குறைமாதப் பிரசவம் பற்றி 2012-ல் வெளியான உலக அறிக்கையில், அந்த விகிதம் மிக அதிகமாக இருந்த நாடு மலாவிதான். 100 பிரசவத்தில் 18. என் கைக்குப் பழகிய வேலைக்கு அங்கே தேவை இருந்தது.

அந்த வார்டில் இரவு டியூட்டிக்கு ஒரே ஒரு நர்ஸ். மூக்குக் குழாய் வழியாகப் பால் விடுவது, ஊசி போடுவது, பிரசவ அறையிலிருந்து புதுக் குழந்தையை வாங்கி வருவது எல்லாம் அவர் ஒருவர்தான். நோயாளிக்குத் துணையாக வரும் உறவினர்களை அங்கே 'கார்டியன்' என்பார்கள். வெளியே அடுப்பு மூட்டி மக்காச்சோளக் களி கிண்டி, தாய்க்குக் கொண்டுவந்து கொடுப்பது அவர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் அந்த மருத்துவமனை ஒரு நாள்கூட நடக்காது.

ஆக்சிஜனுக்குக் கான்சென்ட்ரேட்டரைத்தான் நம்பியிருந்தோம். கொரோனா காலத்தில் நாமும் பார்த்த மெஷின்தான். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்சிஜனை 90 சதவீதத்துக்கு மேல் செறிவாக்கித் தரும். ஒரு மெஷினிலிருந்து குழாய்களைப் பிரித்து நான்கைந்து குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். பின்பக்கம் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருக்கும். வாரம் ஒரு முறையாவது சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்ட வேண்டும். செம்மண் புழுதி பறக்கும் ஊரில் அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அப்போதும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வரும் காற்றில் ஆக்சிஜன் குறைந்துபோயிருக்கும். குழந்தையின் உதடு நீலம் பாரித்த பிறகுதான் நமக்குத் தெரியும். நானும் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரும் சேர்ந்து, ஃபில்டர் கழுவுவதை டியூட்டி சார்ட்டிலேயே எழுதி வைத்தோம். அங்கே நான் செய்ததிலேயே பெரிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

அதே மருத்துவமனையின் ஸ்டோர் அறையில் நன்கொடையாக வந்த மெஷின்கள் அடுக்கிக் கிடந்தன. பலவும் 110 வோல்ட்டில் ஓடுபவை. மலாவியில் வருவது நம்மைப் போலவே 230 வோல்ட். அனுப்பியவர்கள் அதைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பழுது பார்க்க இருந்தவர் ஒரே ஒரு டெக்னீஷியன். ஜெனரேட்டரும் அவர் பொறுப்புதான். அவருக்குத் துணையாக, மெஷின் வேலை தெரிந்த ஒருவர் ஆறு மாதம் வந்து உட்கார்ந்திருந்தால், வந்துபோன எந்த நிபுணரைவிடவும் அதிகக் குழந்தைகள் பிழைத்திருக்கும்.

மலாவியின் பிளான்டயர் நகரில் உள்ள குயின் எலிசபெத் மருத்துவமனையில், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தினர் வடிவமைத்த குறைந்த விலை 'பபுள் சிபேப்' கருவியைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மூச்சுத்திணறல் உள்ள குழந்தையின் நுரையீரல் சுருங்கிவிடாமல் காற்றழுத்தம் கொடுக்கும் கருவி அது. 2014-ல் முடிவுகள் வெளியாயின. வெறும் ஆக்சிஜன் கொடுத்தபோது 44 சதவீதக் குழந்தைகள் பிழைத்தன. இந்தக் கருவியோடு 71 சதவீதம். ஆனால் கருவியை மாட்டிவிட்டால் மட்டும் போதாது. மூக்குக்குச் சரியான அளவில் குழாய் வேண்டும். பாட்டிலில் தண்ணீர் மட்டம் குறையக் கூடாது. குழாய் நழுவியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். இதெல்லாம் நர்ஸின் வேலை. பழகிய நர்ஸ் வேறு வார்டுக்கு மாற்றலானால் புதிதாக வருபவருக்கு முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். இரண்டு வார விருந்தாளியால் முடிகிற காரியமா இது?

பயிற்சி பெற்ற நர்ஸ்கள் பிரிட்டனுக்குப் போய்விடுவதைத் தடுக்க, 2004-ல் மலாவி அரசு வெளிநாட்டு உதவியோடு சுகாதார ஊழியர்களுக்கு 52 சதவீதம் கூடுதல் சம்பளம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அப்படிப் பாடுபட்டு நிறுத்திவைத்த ஊழியர்களை, வந்து போகிறவர்கள் மட்டம் தட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அங்கே மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியனில் பெரும்பகுதியைச் செய்வது டாக்டர்கள் அல்ல, டிப்ளமோ படித்த 'கிளினிக்கல் ஆபீசர்கள்'. அந்த வேலையில் அவர்களுக்கு இருக்கும் கைப்பழக்கம் நம் இளம் டாக்டர்கள் பலருக்கு இல்லை. ஆகவே அங்கே போனால் அவர்களுக்குக் கீழே வேலை செய்யுங்கள். இங்கே செய்ய உங்களுக்கு அனுமதி இல்லாத எதையும் அங்கே செய்யாதீர்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் மலாவித் தாய்க்குப் பிரசவம் பார்த்துப் பழகுவது சேவை ஆகாது.

பணியில் இருக்கும்போதே போக எனக்கு ஆசை இருந்தது. விடுப்பு கிடைக்கும் வழி தெரியாமல் ஓய்வு பெறும்வரை காத்திருந்தேன். நம் அரசு மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளை வருடக்கணக்கில் பார்த்துத் தேர்ந்த நர்ஸ்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மெஷின்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன்களும் இருக்கிறார்கள். அழைப்பு வந்த மருத்துவமனைக்கு ஆறு மாதம் போய்வர இவர்களுக்கு அரசு விடுப்பு தர வேண்டும். சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பணி மூப்பு பாதிக்கக் கூடாது. சுகாதாரத்துறை இதற்கு ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.