பிஸ்டல் தோட்டா போடும் ரிவால்வர் வேண்டுமா?

துப்பாக்கி என்றாலே தென்காசிப் பக்கம் செங்கோட்டை வாஞ்சிநாதன் நினைவு வரும். 1911-ல் மணியாச்சியில் அவர் கையில் இருந்தது பிரவுனிங் பிஸ்டல். பிஸ்டல் தோட்டாவையே போடும் ரிவால்வர் வாங்கினால் இரண்டுக்கும் ஒரே தோட்டா போதுமே என்பது சிலர் கணக்கு.

1917-ல் அமெரிக்க ராணுவத்துக்கு அந்தக் கணக்கு சரி. பிஸ்டல் பற்றாக்குறை, தோட்டா ஏராளம். அந்தத் தோட்டாவின் அடியில் வெளித்தள்ளிய விளிம்பு கிடையாது. அதனால் மும்மூன்றாகக் கோர்க்க அரைவட்டத் தகடு செய்தார்கள். தகடு வளைந்தால் உருளை சிக்கிக்கொள்ளும்!

இந்தியாவில் 9 எம்.எம். சாமானியருக்குத் தடை. குற்றாலத்துத் தோட்டக்காரர் லைசென்ஸ் எடுத்தாலும் வாங்குவது பெரும்பாலும் .32 தான். விளிம்புள்ள தோட்டா போடும் சாதா ரிவால்வரே அவருக்குப் போதும். ஒன்று மட்டும் கவனம்: கான்பூர் .32 ரிவால்வருக்கு ஒரு தோட்டா, .32 பிஸ்டலுக்கு வேறு தோட்டா. பெயர்தான் ஒன்று.