வீட்டுக்கும் வேண்டும் உழவாரம்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் மூவர் பாடல் பெற்ற தலம். அத்தலத்து ஈசனைப் பாடிய அப்பர் பெருமானின் கையில் இருப்பது உழவாரப்படை. புல்லையும் பூண்டையும் செதுக்கி எறிவதே அதன் வேலை. புதிய கோபுரம் எழுப்பும் கருவியன்று அது; இருக்கும் கோபுரத்தை நிற்கச் செய்யும் கருவி.

இம்மாவட்டத்து மண்டகப்பட்டில் 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் ஒன்றுண்டு. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்குமின்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் அமைத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. அந்த நான்கும் காலத்தால் அழிவன என்பதை மன்னன் அறிந்திருந்தான் போலும். விழுப்புரம், திண்டிவனம் பழைய தெருக்களில் எஞ்சி நிற்கும் திண்ணை வீடுகளோ அந்த நான்கினாலேயே ஆனவை. கவனிப்பு ஒன்றே அவற்றுக்குக் காவல்.

ஆலயங்களில் இதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். மூர்த்தியைப் பீடத்தில் பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து நாளடைவில் தளரும் என்பதால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை திருப்பணியும் கும்பாபிஷேகமும் நடைபெறுகின்றன. பழுது முற்றும் வரை காத்திருப்பதில்லை. வீடுகளுக்கும் முன்பு அப்படியொரு வழக்கம் இருந்தது. ஐப்பசி மழைக்கு முன் ஆள் ஏறி, குரங்கும் பூனையும் நகர்த்திய நாட்டு ஓடுகளைச் சரிசெய்வார். தைக்கு முன் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஓர் ஓடு நகர்ந்தால் வழியும் நீர், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் நுனியை முதலில் உளுக்கச் செய்யும். கறையான் அதற்குப் பின்னரே வருகிறது. பறவையின் எச்சத்தில் விழுந்த அரச விதையும் அப்படித்தான்: இரண்டு இலை விடும்போது விரலால் பிடுங்கலாம், வேர் சுவருக்குள் இறங்கிவிட்டால் சுவரையே பிரிக்க வேண்டும்.

கவனியாமை ஒருபுறமிருக்க, தவறான கவனிப்பு இன்னும் கொடியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். உப்புப் பூத்துச் செங்கல் மாவாக உதிரும். அதற்குப் பிறகு, “பழைய வீடு தாங்காது” என்று பிள்ளைகள் இடிக்கச் சொல்வார்கள். வீட்டின்மீது பழி விழுகிறது! தேக்கு உத்தரமும், தூணும், ஒருமுறை சூளையில் வெந்த செங்கல்லும் கைவிட்டுப் போக, புதிய வீட்டுக்காக மீண்டும் சூளை மூட்டப்படுகிறது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அத்தகைய மழையில், பராமரித்த வீடும்கூட அஞ்சத்தான் வேண்டும். அடைபட்ட தூம்புவாயுள்ள வீட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் விரைந்து அழிவது பூட்டிய வீடு. பங்காளிகளுக்குள் பாகம் பிரியாமலோ, மக்கள் வெளியூரில் குடியேறியதாலோ பூட்டப்பட்ட வீடுகள் இவ்வூர்களில் உண்டு. அந்தி விளக்கேற்ற ஒருவர் உள்ளே வந்தால் சுவரில் புதிதாய்த் தெரியும் ஈரம் அவர் கண்ணில் படும். விளக்கில்லாத வீட்டில் அதைக் காண எவருமில்லை. சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்து, வெள்ளிதோறும் ஒரு விளக்குக்கேனும் ஏற்பாடு செய்வோர் சிலர் இருக்கிறார்கள்.

புரட்டாசி முடிவதற்குள் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை வரவழைத்து மேல்தளத்தையும் தூம்பையும் பார்க்கச் செய்வது நன்று. வீட்டுப் பெரியவர் கீழே நாற்காலியிட்டு அமர்ந்து கேள்வி கேட்கலாம். ஏணியில் மட்டும் ஏற வேண்டாம்.