ஒரு வாசகரும் இரண்டு துப்பாக்கிகளும்

புனைகதையில் வரும் தகவல் பிழைகளைச் சுட்டிக்காட்டி எழுத்தாளருக்குக் கடிதம் எழுதும் வாசகர்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. நீங்கள் சொல்லும் ரயில் அந்த ஊரில் நிற்பதில்லை, அந்தப் பூ அந்த மாதத்தில் பூப்பதில்லை என்று எழுதுவார்கள். நன்றி சொல்லி அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளும் எழுத்தாளர்கள் உண்டு; முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆனால் அப்படி வந்த ஒரு கடிதத்தையே கதையின் ஓர் அத்தியாயமாக்கி, எழுதிய வாசகரையும் பெயரோடு கதைக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தவர் இயன் ஃபிளெமிங். ஜேம்ஸ் பாண்ட் தன் பெரட்டாவைக் கைவிட்டு வால்தர் பிபிகேவுக்கு மாறிய கதை இன்றளவும் துப்பாக்கிப் பிரியர்களின் சொத்தாகவே இருந்துவருகிறது. இலக்கிய வாசகர்களாகிய நாம் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. பாண்ட் கதைகள் இலக்கியமா இல்லையா என்னும் பழைய வழக்கை இங்கே நாம் விசாரிக்கப் போவதில்லை. புனைவில் ஒரு பொருளின் பெயர் என்ன வேலை செய்கிறது என்ற கேள்விக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. அதற்காகவே இதை எடுத்துக்கொள்கிறோம்.

1953இல் வெளிவந்த கேசினோ ராயல் நாவலில் பாண்டின் கையில் இருப்பது .25 அங்குல அளவுள்ள தட்டையான பெரட்டா. பிடியின் பக்கத் தகடுகள் இல்லாமல் வெறும் எலும்புக்கூடாக நிற்பது. அதை மெல்லிய தோலுறையில் தோளுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு அவன் சூதாட்ட மேசைக்குப் போகிறான். கோட்டின் வடிவம் கெடாமல் ஒளிந்துகொள்ளும் ஆயுதம். ஃபிளெமிங்குக்கு வேண்டியிருந்ததும் அதுதான். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை உளவுத் துறையில் பணியாற்றியவர் என்றாலும், அவருடைய மனம் துப்பாக்கியைப் பார்த்தது தையற்காரரின் கண்ணால் என்றே நாம் சொல்வோம். சிகரெட், சட்டை, கைக்கடிகாரம், கார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி எழுதுவது அவர் வழக்கம். அந்த வரிசையில் பெரட்டாவும் ஒரு பெயர், அவ்வளவே.

1956 மே மாதத்தில் ஜெஃப்ரி பூத்ராய்ட் என்பவர் கிளாஸ்கோவிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பாண்டைப் பிடித்திருக்கிறது, அவனுடைய துப்பாக்கி ரசனைதான் பிடிக்கவில்லை என்பது அதன் சாரம். .25 பெரட்டா பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் ரகம் என்று அவர் எள்ளினார். அந்த எள்ளலில் தொழில்நுட்பமும் ஆண் திமிரும் சரிபாதியாகக் கலந்திருக்கின்றன. ஆனால் தொழில்நுட்பப் பாதி உண்மை. .25 தோட்டாவின் ஈயக் குண்டு மூன்றேகால் கிராம் எடை. பிபிகே சுடும் 7.65 மில்லிமீட்டர் குண்டு நான்கரை கிராமுக்கும் சற்று அதிகம். வேகத்திலும் விசையிலும் சிறியது பின்தங்கியே நிற்கும். பூத்ராய்டின் முதல் பரிந்துரை இன்னொரு அரைத்தானியங்கி அன்று. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின்.38 சுழல்துப்பாக்கி. அரைத்தானியங்கிதான் வேண்டும் என்றால் வால்தர் பிபிகே என்றார்.

அடுத்த நாவலான ஃப்ரம் ரஷ்யா வித் லவ் அதற்குள் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. அதன் முடிவில் ரோஸா கிளெப் என்னும் ரஷ்ய அதிகாரியின் முன்னால் பாண்ட் துப்பாக்கியை உருவ முயல்கிறான். சைலன்சர் இடுப்புப் பட்டியில் சிக்கிக்கொள்கிறது. அவளுடைய காலணி முனையிலிருந்த நஞ்சுக் கத்தி அவனை வீழ்த்துகிறது. வாசகரின் குறைக்கும் கதையில் நேர்ந்த விபத்துக்கும் இப்படி ஒரு பொருத்தம் தானாகவே அமைந்துவிட்டது. 1958இல் வந்த டாக்டர் நோ அந்தப் பொருத்தத்தைப் பயன்படுத்திக்கொண்டது.

காட்சி நமக்கெல்லாம் பழகிய அலுவலகக் காட்சிதான். மேலதிகாரியின் அறை. நோயிலிருந்து மீண்டு வந்திருக்கும் ஊழியன். மேசையில் அவனுடைய ஆயுதம். அதைத் தூக்கிப் பார்த்துக் குறை சொல்ல அழைக்கப்பட்டிருக்கும் நிபுணர். அவருடைய பெயர் மேஜர் பூத்ராய்ட். பாண்ட் மறுத்துப் பேசிப் பார்க்கிறான்: 15 ஆண்டுகளாக இதையே வைத்திருக்கிறேன், இதுவரை என்னைக் கைவிட்டதில்லை. மேலதிகாரி இசையவில்லை. பழையதை விட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேலைக்குத் திரும்ப வேண்டாம். அந்த இடத்தில் ஃபிளெமிங் ஒரு காரியம் செய்கிறார். உலகத்தின் ஏதேதோ ஊர்களில், விடுதி அறைக் கட்டில்களில் அமர்ந்து அந்தத் துப்பாக்கியைக் கழற்றி, எண்ணெயிட்டு, தோட்டாக்களை ஒவ்வொன்றாக அடுக்கி, மறுபடி படுக்கை விரிப்பின்மேல் உதறிப் பார்த்த இரவுகளைப் பாண்ட் நினைத்துக்கொள்ளும்படி விடுகிறார். அந்த அழகற்ற இரும்புத் துண்டோடு அவனுக்கிருந்த உறவை மணவாழ்க்கை என்றே எழுதுகிறார்.

நம் கருத்தில், அதுவரை வந்த எல்லாப் பாண்ட் நாவல்களிலும் பெரட்டா உயிர் பெறுவது இந்த ஒரு பக்கத்தில்தான். முன்பு அது ஒரு கடைப் பெயர். விட்டுப் பிரியும்போதுதான் அது ஒரு மனிதனுடைய பொருளாகிறது. பூத்ராய்ட் சொன்னபடி முதல் பக்கத்திலேயே .25ஐ அடித்துவிட்டு 7.65 என்று போட்டிருந்தால் தகவல் சரியாகியிருக்கும். இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்காது. தவறான துப்பாக்கியின் மீது ஒருவன் 15 ஆண்டுகள் வைத்திருந்த நம்பிக்கையை ஃபிளெமிங் தகவலாகப் பார்க்கவில்லை, இழப்பாகப் பார்த்தார். வாசகரின் கடிதம் அவருக்குக் கொடுத்த உண்மையான பரிசு வால்தர் அன்று. அது அந்த இழப்பு.

ஒரு துப்பாக்கியை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது கடையில் செருப்பு மாற்றுவது போன்ற காரியம் அல்ல என்பதற்குக் கதைக்கு வெளியிலும் சான்று உண்டு. அமெரிக்கப் படையினர் 1911 முதல் எம்1911 என்னும் .45 துப்பாக்கியை வைத்திருந்தனர். அதன் பாதுகாப்புத் தாழைக் கட்டைவிரலால் கீழே தள்ளினால் சுடலாம். 1985இல் அவர்கள் பெரட்டாவின் எம்9 துப்பாக்கிக்கு மாறினர் (பாண்ட் ஒதுக்கிய அதே நிறுவனந்தான், உருவத்திலும் ஆற்றலிலும் முற்றிலும் வேறு சாதி). அதில் தாழை மேலே தள்ளினால்தான் சுடலாம், கீழே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாகக் கீழே தள்ளப் பழகிய கட்டைவிரல், உயிர் போகும் நொடியில், எதிர்த்திசையை நினைவில் கொள்ள வேண்டும். 2017இல் சிக் சாவர் நிறுவனத்தின் துப்பாக்கி தேர்வானபோது கட்டைவிரல் மறுபடியும் கீழே போயிற்று. ஆணையில் இரண்டு வரி. கையிலோ பல்லாயிரம் முறை செய்து செய்து மறக்க வேண்டிய பழக்கம். பாண்ட் அறையைவிட்டு வெளியேறும்போது அடையும் மனக்கசப்பு வெறும் உணர்ச்சிவசம் அன்று. கைக்குத் தெரிந்ததை அறிவு மறக்கச் சொல்லும்போது எழும் கசப்பு அது. நாற்பது வயதுக்கு மேல் தட்டச்சு விசைப்பலகை மாற்றியவர்கள் இதைச் சிறிய அளவில் அறிவார்கள்.

இனி ஒரு வேடிக்கை. தகவல் திருத்தத்துக்காகவே எழுதப்பட்ட அந்த அத்தியாயத்தில் ஒரு தகவல் பிழை இருக்கிறது. மேஜர் பூத்ராய்ட் பிபிகேவோடு சேர்த்து பெர்ன்ஸ் மார்ட்டின் என்னும் உறையைப் பரிந்துரைக்கிறார். அந்த உறை சுழல்துப்பாக்கிகளுக்கென்றே செய்யப்பட்டது; அதன் வில் சுழலும் உருளையைப் பற்றிக்கொண்டு நிற்பது. பிபிகேவில் உருளையே இல்லை. நிஜ பூத்ராய்ட் அந்த உறையைச் சொன்னது சுழல்துப்பாக்கிக்கு. ஃபிளெமிங் இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டார். இதைச் சுட்டிக்காட்டித் துப்பாக்கி வல்லுநர்கள் இன்றும் சிரிக்கிறார்கள். நாமும் சிரிக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தின் வலிமை அணுவளவும் குறையவில்லை என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். பிழை உறையில் இருக்கிறது. நம் கவனமோ மேசைமேல் விடப்பட்ட பெரட்டாவில் இருக்கிறது.

ஆகவே புனைவுக்குத் தகவல் முக்கியமில்லை என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. தமிழில் அந்த வசதி ஏற்கெனவே நிறைய இருக்கிறது. துருக்கியிலிருந்து பல கை மாறி நம்மிடம் வந்த துப்பாக்கி என்ற ஒரே சொல்லால் நாட்டுத் துப்பாக்கி முதல் கைத்துப்பாக்கி வரை எல்லாவற்றையும் நாம் சமாளித்துவிடுகிறோம். பிஸ்டலும் ரிவால்வரும் ஒரே செய்தியின் இரு பத்திகளில் ஒரே பொருளுக்குப் பெயராக வருவதைப் பார்க்கிறோம். ஒன்று ஒவ்வொரு முறை சுட்டதும் அந்தப் பின்னுதைப்பாலேயே பழைய கூட்டை வெளியே எறிந்து, பிடிக்குள்ளிருந்து அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது. மற்றது உருளையைச் சுழற்றி அடுத்த தோட்டாவைக் கொண்டுவந்து நிறுத்துவது. முன்னதில் தோட்டா சிக்கினால் கை நின்றுபோகும். பின்னதில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை இன்னொருமுறை இழுத்தால் போதும். இந்த வேறுபாடு தெரியாத எழுத்தாளனால் சுவையான பிழைகூடச் செய்ய இயலாது. ஃபிளெமிங் பிழை செய்தது, ஒருவரிடம் கேட்டு, பதில் வாங்கி, மேசையில் வைத்துக்கொண்டு எழுதும்போது. அந்த வகைப் பிழை வேறு.

இந்த வேறுபாடு பொழுதுபோக்குத் தகவல் அன்று என்பதை 1974 மார்ச் 20ஆம் நாள் லண்டன் காட்டியது. பக்கிங்காம் அரண்மனைக்குச் செல்லும் சாலையில் இளவரசி ஆனின் காரை மறித்து அவரைக் கடத்த ஒருவன் முயன்றான். மெய்க்காவலர் ஜேம்ஸ் பீட்டன் இறங்கித் தன் துப்பாக்கியை எடுத்தார். அது வால்தர் பிபிகே. அவர் ஏற்கெனவே தோளில் சுடப்பட்டிருந்தார். அவர் சுட்ட முதல் குண்டு தவறியது. இரண்டாவது சுடுவதற்குள் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. கையில் வேறொன்றும் இல்லாத நிலையில் அவர் இளவரசிக்கும் தாக்கியவனுக்கும் இடையில் தம் உடலை வைத்தார். மூன்று குண்டுகள் அவர்மேல் பாய்ந்தன. உயிர் பிழைத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றார். அதன்பின் மெய்க்காவலர்களிடமிருந்து பிபிகே திரும்பப் பெறப்பட்டுச் சுழல்துப்பாக்கி தரப்பட்டது. கிளாஸ்கோ வாசகர் 1956இல் முதற்பரிந்துரையாகச் சொன்னதும் சுழல்துப்பாக்கிதான் என்பதை நினைத்துக்கொள்கிறோம்.

இங்கே திரைப்படத்தின்மீது நமக்கொரு மனத்தாங்கல் உண்டு. 1962இல் வந்த டாக்டர் நோ படத்தில் மேலதிகாரி பெரட்டாவைப் பறிப்பதற்குச் சொல்லும் காரணம் சைலன்சர் சிக்கியது அன்று. போன வேலையில் பெரட்டா சுடாமல் சிக்கிக்கொண்டது, பாண்ட் ஆறு மாதம் மருத்துவமனையில் கிடந்தான் என்கிறார். நாவலில் குற்றம் உடைக்கும் கைக்கும். படத்தில் குற்றம் கருவிக்கு. ஒரு சொல் மாற்றத்தில் பெரட்டா நம்பத்தகாததாகவும் வால்தர் நம்பத்தக்கதாகவும் ஆகிவிட்டது. அந்தப் புகழ் கதையோடு நிற்கவில்லை, உலகெங்கும் கடைக் கண்ணாடிகளுக்குள்ளும் போயிற்று. பாண்டின் துப்பாக்கி என்று சொன்னால் வால்தர் என்று சொல்பவர்கள்தாம் மிகுதி. 1931இல் ஜெர்மானியத் துப்பறியும் காவலருக்காக வெளிவந்த துப்பாக்கி அது. 1945இல் பெர்லின் நிலவறையில் ஹிட்லர் தன்னைச் சுட்டுக்கொண்டதும் ஒரு வால்தர் பிபிகேவால்தான். போர் முடிந்து 13 ஆண்டுகளில் அதே பெயர் ஓர் ஆங்கில உளவாளியின் அடையாளமாயிற்று. பெயர்கள் தம் பழைய சுமையை இவ்வளவு விரைவில் இறக்கிவைத்துவிடுகின்றன என்பது வணிகர்களுக்கு மகிழ்ச்சி தரலாம். எழுத்தாளனுக்கு அது கவலை தர வேண்டும் என்று நினைக்கிறோம். பெயரைச் சொன்னால் போதும், பொருள் தானே வந்து நிற்கும் என்னும் நம்பிக்கையை அது அசைத்துவிடுகிறது.

பிற்காலத் திரைப்படங்களில் பாண்ட் மேலும் சிலமுறை துப்பாக்கி மாற்றினான். 1997இல் டுமாரோ நெவர் டைஸ் படத்தில் சீனத் தோழி ஒருத்தியின் மறைவிடத்தில் புதிய வால்தர் பி99 ஒன்றைக் கண்டு, கேட்டும் தனக்குத் தரப்படாத பொருள் என்று ஒரு வேடிக்கைப் பேச்சோடு எடுத்துக்கொள்கிறான். 35 ஆண்டுகள் திரையில் கூடவே வந்த பிபிகேவை அவன் அந்த இடத்தில் நினைப்பதுகூட இல்லை. 2008இல் குவாண்டம் ஆஃப் சோலஸ் படத்தில் பழைய பிபிகே திரும்பி வந்தது. அதற்கும் எவரும் எதுவும் சொல்லவில்லை.